கனகாம்பிகை டீச்சர் போடாத பத்து

கனகாம்பிகை டீச்சரிடம் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை லண்டனில் கிடையாது. கிங்ஸ்பரி, வெம்பிளி, ஹாரோ என்று அந்தப் பக்கத்தில் குட்டிக்கரணம் அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வருடக்கணக்காக அவர் முன்னால் பாய்ந்தார்கள், சுழன்றார்கள், தலைகீழாக நின்றார்கள். ஒருத்திக்கும் பத்து விழவில்லை. பெற்ற மகளுக்கே போடாத பத்தை ஊரார் பிள்ளைக்குப் போட்டுவிடுவாரா? அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் இப்படிக் கேட்கவே மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் அவர் கணக்கு டீச்சர். பொதுப் பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் திருத்தப் போவார். திருத்தும் மண்டபத்தில் மற்ற டீச்சர்மார் தேநீரும் வடையுமாக இருக்க, இவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார், தாளில் சொட்டிவிடும் என்று. ஒருமுறை கட்டைப் பிரித்தபோது மூன்றாவது தாளில் கை நின்றுவிட்டது. பெயர் இல்லை, சுட்டெண் மட்டும்தான். ஆனால் ஏழு என்ற இலக்கத்தைக் கொக்குக் கழுத்துப் போல வளைத்து எழுதுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். அது அவருடைய கடைசித் தம்பி பாலேந்திரா. எழுந்துபோய்ப் பிரதம பரீட்சகரின் மேசையில் தாளை வைத்தார்.

"சேர், இது என்ர சொந்தக்காரப் பிள்ளையின்ர பேப்பர். என்னால திருத்த ஏலாது."

அதுதான் சட்டம். சட்டத்தை மதித்ததற்காகப் பிரதம பரீட்சகர் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பாராட்டினார். தாள் வேறொருவர் கைக்குப் போய், பாலேந்திரா மயிரிழையில் கோட்டைவிட்டான். அக்காவோடு நெடுநாள் பேசாமல் திரிந்தான். கனகாம்பிகைக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுத்ததில் வருத்தம் இல்லை.

எண்பத்துநாலில் லண்டன் வந்து கிங்ஸ்பரியில் குடியேறினார்கள். கணவர் குலசேகரத்துக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை கிடைத்தது. கனகாம்பிகைக்கும் பள்ளிக்கூடத்தில்தான் வேலை, ஆனால் வகுப்பில் இல்லை, சாப்பாட்டு மண்டபத்தில். அட்சரகணிதம் படிப்பித்த கை, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அவித்த பட்டாணியை அள்ளிப் போட்டது. ஒதுக்கிவைத்த பட்டாணியைக் கண்டால் "ஃபினிஷ்" என்பார். பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். அந்தக் குரலுக்கு மொழி தேவையில்லை.

ஒரே மகள் சிவமலருக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பிள்ளை வாசலால் நடந்து போனதை யாரும் கண்டதில்லை. வாசல் நிலையில் இரண்டு காலையும் உதைத்து ஏறி, மேலே போய், அங்கிருந்து குதிக்கும். கீழ்வீட்டில் நீலா என்று ஒரு மலேசியத் தமிழ்ப்பெண் இருந்தாள். கணக்காய்வாளர் வேலை, நல்ல பொறுமைசாலி. அந்தப் பொறுமை ஆறு மாதம் தாக்குப் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வீட்டுல ஆடு ஏதும் வளக்கிறீங்களா?"

கனகாம்பிகை கதவை முழுக்கத் திறந்து, அலுமாரிக்கு மேல் உட்கார்ந்திருந்த ஆட்டைக் காட்டினார். நீலா சிரித்துவிட்டு, பக்கத்து விளையாட்டு நிலையத்தில் கவுன்சில் நடத்துகிற சனிக்கிழமை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். கனகாம்பிகை மகளை வயலின் பழக விடலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் வயலினை அலுமாரிக்கு மேலிருந்து வாசிக்கமுடியாது என்று குலசேகரம் சொன்னார். அவர் சொல்லி வீட்டில் எடுபட்ட ஒரே பேச்சு அதுதான்.

வகுப்பை நடத்தியவர் பியற்றிஸ் என்ற அறுபது வயது ஆங்கிலப் பெண்மணி. கழுத்தில் விசில், காலில் கிழிந்த சப்பாத்து, மனதில் ஓயாத கவலை. அந்தக் காலக் கவலை நடுவரைப் பற்றியது. பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புகிற ஒவ்வொரு கிளப்பும் தன் பங்குக்கு ஒரு நடுவரையும் அனுப்பவேண்டும். இருந்த ஒரு நடுவரும் கடற்கரைப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். பியற்றிஸ் வாங்கில் இருந்த தாய்மாரைப் பார்த்து, மார்க்ஸ் போடப் பழக யாருக்கு விருப்பம் என்று கேட்டார். தாய்மார் எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள். கனகாம்பிகை மட்டும் கையை உயர்த்தினார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, அவருக்குத் தெரிந்த ஒரு வேலையை யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து குலசேகரத்திடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

நடுவர் பயிற்சி வகுப்பில் எல்லாம் அவருக்குப் பழகின வழியாகவே இருந்தது. பத்திலிருந்து தொடங்கிக் கழித்துக்கொண்டு போகவேண்டும். முழங்கால் மடிந்தால் கழி. கால்விரல் நீளாவிட்டால் கழி. இறங்கும்போது கால் ஓர் அடி எடுத்து வைத்தால் கழி. கழிப்பதற்கு அவரைப் போல ஆள் கிடைக்குமா? கடைசி நாள் வகுப்பில், ஏதோ ஒரு பெரிய போட்டியில் ஒரு பெண் பீம் என்ற ஒடுங்கிய சட்டத்தின் மேல் செய்ததை வீடியோவில் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு அங்கே பத்துக்குப் பத்துக் கிடைத்ததாம். வகுப்பில் எல்லோரும் பத்துப் போட்டிருந்தார்கள். கனகாம்பிகை ஒன்பது தசம் எட்டு.

எங்கே கழித்தீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். இறங்கி நிற்கும்போது இடது கால் ஆடியது என்றார். கசெட்டைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். பழைய கசெட் அது, படம்தான் ஆடுகிறது, கால் இல்லை என்று ஆசிரியர் மூன்று முறை விளங்கப்படுத்தினார். உண்மையில் ஆசிரியர் சொன்னதுதான் சரி, பின்னால் இருந்த சுவரும் சேர்ந்து ஆடியது. கனகாம்பிகை மாற்றவில்லை.

"படம் ஆடுதாம்!" என்று வீட்டில் கொதித்தார். "கால் ஆடுது. அதை மறைக்கப் படம் ஆடுதாம். எனக்குக் கதை விடுறார்."

"உமக்கு ஆர் கதை விட ஏலும்?" என்றார் குலசேகரம்.

முதல் போட்டி நாளில் ஒரு சிக்கல் வந்தது. சிவமலர் போட்டி போடுகிற பிரிவுக்கே தாயும் நடுவர். வேறு ஆள் இல்லை, சிறுவர் போட்டிதானே, இதெல்லாம் நடக்கிறதுதான் என்றார் பியற்றிஸ். கனகாம்பிகை வெகுநேரம் யோசித்தார். பிள்ளைகளின் முதுகில் குத்தியிருந்த இலக்கங்களைப் பார்த்ததும் மனம் தெளிந்தது. சுட்டெண்! இந்த மேசையில் இருக்கும்வரைக்கும் மகள் இல்லை, சுட்டெண் மட்டும்தான் என்று தனக்குத்தானே தீர்ப்பெழுதிக்கொண்டார். பாலேந்திரா அங்கே இருந்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பான்.

மகளுக்கு ஏழு தசம் நாலு போட்டார். மற்ற மூன்று நடுவர்களும் எட்டுக்கு மேல்.

பஸ்ஸின் மேல்தட்டில் முன்சீட்டில் இருந்தபடி சிவமலர் கேட்டாள். "அம்மா, எனக்கு எப்ப பத்துப் போடுவீங்கள்?"

"பிழை விடாமச் செய்யேக்க."

"அப்பா எப்பவும் பத்துத்தானே தாறார்."

"அப்பான்ர பத்து, கடையில சும்மா தாற பை மாதிரி. எல்லாருக்கும் குடுப்பார்."

சிவமலர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "உங்களிட்டப் பத்து வாங்காம விடமாட்டன்" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை சொன்னதை யார் பெரிதாக எடுப்பார்கள்? கனகாம்பிகையும் எடுக்கவில்லை. ஆனால் மழைக்கும் பனிக்கும் காய்ச்சலுக்கும் நிற்காமல், பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பிள்ளை ஜிம்முக்கு ஓடியதெல்லாம் அந்த ஒரு பத்துக்காகத்தான்.

வருடங்கள் போகப்போகக் கனகாம்பிகையின் பெயர் வளர்ந்தது. பிள்ளைகள் அவருக்கு 'மிஸஸ் மைனஸ்' என்று பெயர் வைத்தார்கள். நடுவர் மேசையில் பிஸ்கட் தட்டு வந்தால் அவரைத் தாண்டிப் போகும். சேலைக்கு மேல் கிளப்பின் நீலக் கோட்டு, நெற்றியில் குங்குமம், கையில் பேனா. அவர் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கமுடியாது. பேனாவைத்தான் பார்க்கவேண்டும். அது அசைந்தால் எங்கோ பிழை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாள் குலசேகரத்துக்குப் பியற்றிஸ் வாயிலிருந்து ஒரு விசயம் தெரியவந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் மெல்லக் கதையை எடுத்தார்.

"இஞ்சாரும், நாலு பேர் மார்க்ஸ் போட்டா, கூடினதையும் குறைஞ்சதையும் வெட்டிப்போட்டு நடுவில நிக்கிற ரெண்டைத்தானே எடுக்கினம்?"

"ஓம்."

"எப்பவும் குறைஞ்சது உம்முடையதுதானே?"

"ஓம்."

"அப்ப இவ்வளவு காலமும் நீர் போட்ட மார்க்ஸ் ஒண்டும் கணக்கில சேரேல்லையே! பிறகேன் மினக்கெட்டுப் போறீர்?"

கனகாம்பிகை புட்டைப் பிசைந்தபடி சொன்னார். "சேருதோ இல்லையோ, சரியா இருக்கவேணும்."

சிவமலர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு போட்டியிலும் சேராத அந்த மார்க்ஸைத்தான், ஒவ்வொரு முறையும் முடிவு அறிவிப்பதற்கு முன்னாலேயே பலகையில் அவள் கண் தேடும். அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

அவளுக்குப் பதினேழு ஆனபோது பியற்றிஸ் ஒரு புதுமையான செய்தி சொன்னார். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் குட்டிக்கரணம் அடிக்கிற பெண்களுக்குப் படிப்புச் செலவு, இருப்பிடம், சாப்பாடு எல்லாம் கொடுத்து எடுக்கின்றனவாம். செய்வதை வீடியோவில் பிடித்து அனுப்பவேண்டும். அவ்வளவுதான் என்றதும் குலசேகரம் மார்பைத் தட்டினார். வீடியோவா? எங்களிடம் ஆள் இருக்கிறதே!

ஆள் என்றால் ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த யாக்கோப்பு. லண்டனில் தமிழர் வீட்டுக் கலியாணம், பூப்புனித நீராட்டு, பிறந்தநாள் எதுவும் யாக்கோப்பின் கமெரா இல்லாமல் நடந்தால் அது நடந்ததாகவே சேர்த்தியில்லை. மூன்று போட்டிகளுக்கு வந்து, மூலைக்கு மூலை ஓடி, உயிரைக் கொடுத்துப் படம் பிடித்தான். ஒரு மாதம் கழித்துக் கசெட்டைக் கொண்டுவந்து தந்தபோது அவன் முகத்தில் கலைஞனின் களைப்பு இருந்தது.

கசெட் பிள்ளையார் படத்துடன் தொடங்கியது. நாதஸ்வரம் முழங்கியது. தாமரை ஒன்று விரிந்து, அதற்குள்ளிருந்து சிவமலர் சிரித்தாள். பிறகு விளையாட்டு நிலையத்தின் வாசல், கார் நிறுத்தும் இடம், வந்திருந்த தாய்மார் வரிசையாக, அவர்கள் சாப்பிட்ட சான்ட்விச் அருகில். சிவமலர் ஓடிவந்து வோல்ட் கட்டையைத் தாண்டிப் பாய்ந்ததும் நான்கு பக்கமும் ரோசாப்பூ கொட்டியது. ஃப்ளோர் என்ற தரைவிரிப்புப் பிரிவில், கடைசிச் சுழற்சியில் மேலே கிளம்பினாள், அங்கே படம் மெதுவாகி, ஓர் இதயத்துக்குள் சுருங்கி, அடுத்த இதயத்துக்குள் கனகாம்பிகையின் முகம் வந்தது. மேசையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் முகம். மீண்டும் சிவமலர் வரும்போது அவள் நிமிர்ந்து நின்று கையை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"எங்க இறங்கினது?" என்று கத்தினார் கனகாம்பிகை. "இறங்கினது எங்க, தம்பி? அதைத்தானே பாப்பினம்!"

"தாயின்ர முகம் போடாம எப்பிடி டீச்சர்? முக்கியமான கட்டத்தில தாயைத்தானே காட்டவேணும். கலியாண வீட்டில தாலி கட்டேக்கையும் நான் அப்பிடித்தான் செய்யிறனான்."

திருத்த நேரமில்லை. அமெரிக்க மெஷினில் ஓடும்படி யாக்கோப்பு மாற்றிக் கொடுக்க, கசெட்டுகள் அப்படியே பூவும் தாமரையுமாக அமெரிக்காவுக்குப் போயின. சிவமலர் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஐந்து பல்கலைக்கழகங்கள் பதிலே போடவில்லை. ஆறாவது, அமெரிக்காவின் நடுவில் சோளக்காடுகளுக்குள் இருந்த ஒன்று. அங்கிருந்து கோச் அம்மா தொலைபேசியில் பேசினார். மேசையில் முப்பது கசெட் கிடந்ததாம், பாதிக்கு மேல் பார்த்தது இது ஒன்றைத்தானாம். அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு மூன்று தடவை போட்டார்களாம். பிறகு கேட்டார்: கடைசியில் ஒரு பேனாவோடு வருகிற அந்தப் பெண்மணி யார்?

என் தாய், நடுவர் என்றாள் சிவமலர்.

அப்படித்தான் நினைத்தேன் என்றார் கோச். நீ இறங்கியதை நாங்கள் காணவில்லை. ஆனால் நீ இறங்குகிற அந்த நேரத்தில் அவர் பேனா அசையவில்லை. அந்த முகத்துக்காரி ஒன்றும் எழுதவில்லை என்றால் நீ சரியாகத்தான் இறங்கியிருப்பாய்.

இப்படியாக யாக்கோப்பின் இதயத்துக்குள் அகப்பட்ட ஒரு பேனாவினால் சிவமலருக்கு அமெரிக்க ஸ்கொலர்ஷிப் கிடைத்தது. யாக்கோப்பு இதைத் தன் வாழ்நாள் முழுவதும் எல்லாக் கலியாண வீட்டிலும் சொன்னான்.

விம்பிள்டன் கோயிலில் குலசேகரம் செய்தியைப் பரப்பினார். என்ன படிப்பு என்று சனம் கேட்டது. உடற்பயிற்சி விஞ்ஞானம் என்பதில் முதல் சொல்லை மெதுவாகவும் இரண்டாவதைச் சத்தமாகவும் சொன்னார். "விஞ்ஞானமோ? என்ன விஞ்ஞானம்?" "உடம்பு சம்பந்தப்பட்டது." "அப்ப மெடிசின்தான்." அவர் மறுக்கவில்லை. ஈஸ்ட் ஹாம் கடைகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் சிவமலர் இருதய சத்திரசிகிச்சை நிபுணராகிவிட்டாள். கனகாம்பிகை மட்டும் கேட்டவர்களிடம் எல்லாம் உண்மையைச் சொன்னார். "குட்டிக்கரணம் அடிக்கத்தான் கூப்பிட்டிருக்கினம்." யாரும் நம்பவில்லை. நாவூறு படும் என்று மறைக்கிறா என்றார்கள்.

தொண்ணூற்றைந்தில் சிவமலர் போனாள். போட்டி முடிய முடிய அங்கிருந்து கசெட் வரும். அமெரிக்கக் கசெட்டை லண்டன் மெஷினில் போட்டால் கோடு கோடாகத்தான் ஓடும். அதை மாற்றித் தரும் மெஷின் யாக்கோப்பிடம் இருந்தது. மாற்றும்போது கை சும்மா இருக்குமா? நாலு பூவைத் தூவிவிடுவான். "கால் தெரியேல்லை! காலுக்கு மேல பூ!" என்று கனகாம்பிகை தொலைபேசியில் சண்டை பிடிப்பார். இருந்தும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருத்துவார்.

அந்த ஊர்ப் போட்டியைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் சனம், வாத்தியக் கோஷ்டி, நரி வேஷம் போட்ட ஒருத்தன் நடு மண்டபத்தில் ஆடுகிறான். பிள்ளை பீமிலிருந்து இறங்குவதற்குள் எல்லோரும் எழுந்து பத்து, பத்து என்று கத்துகிறார்கள். நடுவர்களும் போட்டுவிடுகிறார்கள்.

"தீபாவளிப் பலகாரம் மாதிரியெல்லோ பத்துக் குடுக்கினம்" என்றார், ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில். "உனக்கு ஒன்பது தசம் ஒன்பது போட்டவனுக்குக் கண்ணில என்ன வருத்தம்?"

"நீங்கள் எவ்வளவு அம்மா?"

"ஒன்பது தசம் நாலு. முழங்கால்."

சிவமலர் சிரித்தாள். அவளுடைய அணிப் பெண்கள் உடைமாற்றும் அறைப் பலகையில் அம்மாவின் மார்க்ஸ் என்று தனியாக ஒரு வரிசை எழுதத் தொடங்கியிருந்தார்கள். மற்றப் பெண்களும் தங்களுக்கு அம்மா என்ன போட்டார் என்று கேட்டார்கள். சோளக்காட்டு அமெரிக்கப் பெண்கள் கிங்ஸ்பரி அம்மாவிடம் ஒன்பதைத் தாண்டினால் துள்ளிக் குதித்தார்களாம். கனகாம்பிகை இதைக் கேட்டு வெளியே கோபப்பட்டார். உள்ளே அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டாவது தடவை கஸ்டர்ட் ஊற்றினார்.

மூன்றாவது வருடம், தொண்ணூற்றெட்டு தொடக்கத்தில், கோச் அம்மா பேசினார். ஃப்ளோரில், கடைசிச் சுழற்சிக்குக் கிளம்பும்போது சிவமலரின் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்தது, ஸ்கொலர்ஷிப் போகாது, பயப்படவேண்டாம். மீண்டும் பாய்வாளா என்று கேட்டதற்கு, பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

சில வாரங்களின் பின் யாக்கோப்பு கிங்ஸ்பரிக்கு நேரிலேயே வந்தான். லண்டனின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு, கசெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. வழமையாகத் தபாலில்தான் அனுப்புவான்.

"டீச்சர், இதைப் பாக்கவேண்டாம்."

"போடும்."

போட்டான். கனகாம்பிகை மடியில் தாளும் கையில் பேனாவுமாக இருந்தார். மகள் ஓடினாள், குனிந்தாள், கிளம்பினாள். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு அந்தப் பெரிய மண்டபம் மூச்சுவிடாமல் நின்றது. சிவமலர் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்று தாய்க்குத் தெரியாதா? அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

பேனா அசையவில்லை. கசெட் நின்றதும் கனகாம்பிகை கேட்டார். "பூப் போடேல்லையோ, தம்பி?"

"இல்லை டீச்சர். மனம் வரேல்லை."

"போட்டிருக்கலாம்" என்றார் அவர். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தேநீர் வைத்தார். யாக்கோப்புக்கு அழுகை வந்தது. அவனுக்குக் கலியாண வீட்டில் அழுது பழக்கம், ஆனால் அங்கே கமெரா முகத்தை மறைத்துவிடும்.

சிவமலர் விடவில்லை. ஒரு வருடம் நொண்டி, நடந்து, ஓடி, கடைசி வருடத்தில் மீண்டும் பாய்ந்தாள். ஆனால் கசெட் வரவில்லை. கனகாம்பிகைதான் அனுப்பவேண்டாம் என்றார். வேலை கூட, பார்க்க நேரமில்லை, எல்லாத்தையும் முடிவில் சேர்த்துக் கொண்டுவா என்று சாட்டுச் சொன்னார். அந்த வருடம் அவர் சாயந்திரம் முழுவதும் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சிதான் பார்த்தார் என்பது குலசேகரத்துக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்பது யூனில் இருபத்திரண்டு வயது சிவமலர் பெட்டிகளுடன் வீடு வந்து சேர்ந்தாள். ஜிம்னாஸ்டிக்ஸ் முடிந்தது, இனிப் பாயமாட்டேன், பிசியோதெரபி படிக்கப்போகிறேன் என்றாள். எங்கள் ஆட்கள் வேலை தொடங்குகிற வயதில் மகள் ஓய்வு பெற்றுவிட்டாளே என்று குலசேகரம் வியந்தார். "பென்ஷன் ஒண்டும் இல்லையோ, பிள்ளை?" என்று கேட்டும் பார்த்தார்.

அந்த ஞாயிறு மதியம் யாக்கோப்பு கசெட்டை மாற்றிக்கொண்டு வந்தான். சிவமலரின் கடைசிப் போட்டி, கடைசி ஃப்ளோர். கீழ்வீட்டு நீலாவும் மிக்ஸர் பையோடு ஏறி வந்தாள். சிவமலர் தாய்க்குப் பக்கத்தில் சோபாவில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, தாளையும் பேனாவையும் எடுத்துத் தாயின் மடியில் வைத்தாள்.

"அங்க எவ்வளவு போட்டவை எண்டு சொல்லமாட்டன். முதல்ல நீங்கள் போடுங்கோ. லாஸ்ட் சான்ஸ், அம்மா."

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்த எட்டு வயதுப் பிள்ளை அந்தக் குரலுக்குள் இருந்தது. கனகாம்பிகைக்கு அது கேட்டது.

படம் ஓடியது. இந்த முறை பூ இல்லை, தாமரை இல்லை. சனம் ஆர்ப்பரித்தது. முதல் சுழற்சி, இரண்டாவது, நடுவில் துள்ளல். கனகாம்பிகையின் கண் காலிலேயே இருந்தது. சிவமலர் மூலைக்குப் போய்க் கடைசிச் சுழற்சிக்கு நின்றாள். அதே மூலை. ஓடத் தொடங்கினாள்.

கனகாம்பிகை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மகள் பக்கத்தில் இருந்து மிக்ஸர் தின்கிறாள். கால் இரண்டும் சோபாவில் பத்திரமாக மடிந்து கிடக்கின்றன. ஆனாலும் மூடிக்கொண்டார். ஆரவாரம் எழும்பி அடங்கிய பிறகுதான் திறந்தார்.

"அக்கா, நீங்க பாக்கவே இல்லியே" என்றாள் நீலா.

"வெறும் தாள்!" என்று குலசேகரம் எட்டிப் பார்த்துக் கூவினார். "ஒண்டும் கழிக்கேல்லை! பத்து! பத்து!"

"இல்லை அப்பா. கண்ணை மூடிக்கொண்டிருந்தவா" என்றாள் சிவமலர். கசெட்டைப் பின்னால் ஓட்டினாள். மீண்டும் அந்த மூலை, மீண்டும் ஓட்டம், மீண்டும் கண் மூடியது. மூன்றாவது தடவை கையாலும் பொத்திக்கொண்டார்.

சிவமலர் நிறுத்தினாள். "அம்மா, ஏன்? நான் விழேல்லை. இஞ்சைதானே இருக்கிறன்."

கனகாம்பிகை பேனாவை மூடினார். தாளை எடுத்து, நீட்டி நிமிர்த்தி, மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்து மண்டபத்தில் எழுந்து நின்ற அதே குரல்தான்.

"இது என்ர பிள்ளையின்ர பேப்பர். என்னால திருத்த ஏலாது."

அவ்வளவு காலமும் கண்ணெதிரே நின்ற சுட்டெண் அன்றைக்குத்தான் அழிந்தது. சிவமலர் தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. குலசேகரம் கண்ணாடியைத் துடைத்தார். நீலா மிக்ஸர் பையின் வாயை மடித்து மடித்து விரித்தாள்.

"அப்ப ஆர் மார்க்ஸ் போடுறது?" என்றார் குலசேகரம், கண்ணாடியைத் திரும்ப மாட்டியபடி.

யாக்கோப்பு மெல்ல வாயைத் திறந்தான். மூன்று வருடமாகக் கசெட் மாற்றி, டீச்சரின் ஏச்சையும் கேட்டுக் கேட்டு அவனுக்கும் கொஞ்சம் கண் திறந்திருந்தது. "என்னைக் கேட்டா, ஒன்பது தசம் எட்டு, டீச்சர். இறங்கேக்க இடது கால் சாடையா ஆடினது."

கனகாம்பிகை நிமிர்ந்தார்.

"எந்தக் கால்?"

"இடது."

"இடதோ? கலியாண வீட்டில பூப் போடுற உமக்கு என்ர பிள்ளையின்ர காலைப் பற்றி என்ன தெரியும்? கொண்டாரும் அந்த ரிமோட்டை!"

பறித்து, பின்னால் ஓட்டி, தொலைக்காட்சிக்கு முன்னால் முழங்காலில் போய் உட்கார்ந்தார். இந்த முறை கண் இமைக்கவில்லை. மகள் ஓடினாள், கிளம்பினாள், சுழன்றாள், இரண்டு காலில் வந்து இறங்கினாள். இடது கால் ஒரு விரலளவு ஆடியது. அறையில் இருந்த எல்லோரும் அதைத் தெளிவாகக் கண்டார்கள். எவரைவிடவும் தெளிவாகக் கண்டவர் கனகாம்பிகை டீச்சர்தான்.

திரும்பி யாக்கோப்பை முறைத்தார்.

"கால் ஆடேல்லை. படம் ஆடுது."